ஒரு கேலக்ஸியின் பல கோடி விண்மீன்களின் ஒளி கலந்த, இரைச்சல் (அளவீட்டில் வரும் தாறுமாறான ஏற்ற இறக்கம்) மிகுந்த ஒரே நிறமாலையை, அதாவது நிறம் நிறமாகப் பிரித்த ஒளியை வைத்து, எவை எப்போது பிறந்தன என்று சொல்ல முடியுமா?

முடியும், ஓரளவுக்கு.

எங்கள் பொள்ளாச்சிப் பக்கத் தென்னந்தோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். போன வருஷம் நட்ட கன்றையும் 5 வருஷத் தென்னம்பிள்ளையையும் தூரத்திலிருந்தே பிரித்துவிடலாம். 40 வருஷ மரமும் 50 வருஷ மரமும் பார்வைக்கு ஒன்றுதான். பனி மூடினால் கேட்கவே வேண்டாம்.

கேலக்ஸியிலும் அதே கதை. பெரிய நீல விண்மீன்களுக்கு ஆயுசு குறைவு. அவை சுற்றியுள்ள ஹைட்ரஜனை ஒளிரவைத்து 6563 ஆங்ஸ்ட்ராம் (ஒளியின் அலைநீளத்தை அளக்கும் அலகு) அலைநீளத்தில் பளிச்சென்று கோடு தெரிந்தால், ஏறக்குறைய கடந்த 1 கோடி ஆண்டுகளில் பிறப்பு நடந்திருக்கிறது. சில பத்துக் கோடி ஆண்டுகள் கழித்து ஹைட்ரஜனின் உறிஞ்சு கோடுகள் (ஒளி உறிஞ்சப்பட்டு இருண்ட இடங்கள்) ஆழமாகும். இன்னும் வயதானால் 4000 ஆங்ஸ்ட்ராம் அருகே ஒளி சட்டென்று விழும். ஆனால் 800 கோடி ஆண்டு வயதுக்கும் 1000 கோடி ஆண்டு வயதுக்கும் உள்ள வித்தியாசம் மிகச் சிறிது, அதை இரைச்சல் விழுங்கிவிடும். உலோகச்செறிவு (ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்களின் அளவு) கூடினாலும் தூசு மறைத்தாலும் இளசு கிழடாகத் தெரியும் என்பது தனித் தலைவலி.

அப்புறம் கணக்கு. ஒவ்வொரு வயதுக்கும் ஒரு மாதிரி நிறமாலை உண்டு. எந்த விகிதத்தில் கூட்டினால் அளந்தது கிடைக்கும் என்று தேடுகிறார்கள். கட்டுப்பாடில்லாமல் தீர்த்தால், இரைச்சலும் பிறப்பு அலையாக வந்து நிற்கும். அதனால் விண்மீன் பிறப்பு வரலாறு சீராக மாற வேண்டும் என்று நிபந்தனை போடுகிறார்கள். அல்லது பேயீசிய முறையில், அதாவது நிகழ்தகவுக் கணக்கில், பொருந்தும் வரலாறுகள் எல்லாவற்றையும் எடைபோடுகிறார்கள். எனக்கு நியாயமாகப் படுவது இரண்டாவது. அதில் சமீப காலத்துக்குக் குறுகிய வயதுப் பெட்டிகளும் (வயது இடைவெளிகள்), பழங்காலத்துக்குப் பல நூறு கோடி ஆண்டு அகலப் பெட்டிகளும் வைப்பது வழக்கம்.