டிஸ்டோபியா என்றால் அழிந்துபோன உலகமா? இந்தக் கருத்து எங்கிருந்து வந்தது?

அழிந்துபோன உலகம் அல்ல. குண்டு விழுந்து, நகரங்கள் இடிந்து, தப்பிப் பிழைத்த நாலு பேர் சோற்றுக்கு அலைந்தால் அது பேரழிவுக் கதை. இரண்டையும் போட்டுக் குழப்புகிறோம். டிஸ்டோபியா என்பது மனிதரை நசுக்கும் கற்பனைச் சமூகம்; அங்கே பெரும்பாலும் எல்லாம் ஒழுங்காகவே நடக்கும். அந்த ஒழுங்குதான் மனிதனின் கழுத்தை நெரிக்கும்.

1516-இல் தாமஸ் மோர் 'யுடோப்பியா' என்ற கற்பனைத் தீவைப் படைத்தார்; அது ஓர் இலட்சியச் சமூகம். அந்தக் கனவுக்கு எதிர்ப்பதமாக, 1868-இல் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் 'டிஸ்டோபியர்கள்' என்ற சொல்லை எடுத்து வீசினார். அயர்லாந்து விஷயத்தில் அரசு நடந்துகொண்ட விதம்தான் அவரை அப்படிப் பேசவைத்தது.

இலக்கியத்தில் இது வேரூன்றியது ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு. யெவ்கேனி சம்யாத்தின் 1920-21-இல் எழுதிய 'நாங்கள்' நாவலில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். வீட்டுச் சுவர்கள் கண்ணாடி. திரையை இறக்கிக்கொள்ள அனுமதிச் சீட்டு வேண்டும். கதை சொல்லும் பொறியாளர் தொடக்கத்தில் இதையெல்லாம் மனதாரப் புகழ்கிறார். என்னைக் கேட்டால், இந்த வகைக் கதையின் உயிரே அங்குதான் இருக்கிறது: கைதிக்குச் சிறை பிடித்திருக்கிறது! அந்நாவல் 1924-இல் ஆங்கிலத்தில் வந்துவிட்டது. சோவியத் மண்ணில் 1988 வரை அச்சேறவில்லை.

பிறகு வந்த நாவலாசிரியர்கள் ஆல்டஸ் ஹக்ஸ்லி ('பிரேவ் நியூ வேர்ல்ட்', 1932), ஜார்ஜ் ஆர்வெல் ('1984', வெளிவந்தது 1949). முன்னவரின் உலகில் இன்பத்தைக் கொடுத்தே மக்களை அடக்குகிறார்கள். பின்னவரின் உலகில் பயத்தைக் காட்டி. இன்று வரும் டிஸ்டோபியக் கதைகளில் பல இந்த இரண்டில் ஒன்றின் வாரிசுகள்தான்.