குளிர்கால மவுன்டன் பைக்: பயிற்சியும் வேண்டும், வீடும் வேண்டும் (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: வேலையும் இரண்டு சின்னக் குழந்தைகளும் போக, குளிர்காலத்தில் வாரத்துக்கு ஆறு மணி நேரம்தான் எனக்கு மிஞ்சுகிறது. கோடையில் பத்து மணி நேரம் ஓட்டுவேன். வசந்தத்தில் 40 கிலோமீட்டர் பந்தயம் ஒன்றில் கலந்துகொள்ள ஆசை. இருக்கிற தெம்பும் கரைந்துவிடுமோ?

பதில்: கடினமான பயிற்சியைக் கைவிடாதவரை கரையாது. நேரம் சுருங்கியதும் பலர் முதலில் விடுவது அதைத்தான். மெதுவாகச் சுற்றிவருவதை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. 1980-களின் முற்பாதியில் உடற்பயிற்சி ஆய்வாளர் ராபர்ட் ஹிக்சனும் சகாக்களும் நடத்திய ஆய்வுகளில், பத்து வாரம் கடுமையாகப் பயிற்சி செய்தவர்கள் தினசரி 40 நிமிடத்தை 13 நிமிடமாகக் குறைத்தார்கள். தீவிரத்தை மட்டும் குறைக்கவில்லை. அடுத்த 15 வாரமும் அவர்களுடைய உச்ச ஆக்சிஜன் திறன் இறங்கவில்லை. தீவிரத்தைக் குறைத்துப் பார்த்தபோது இறங்கியது. ஆனால், நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும் திறன் அந்த 13 நிமிடக் குழுவில் சற்றுக் குறைந்தது. அதனால் வாரம் ஒரு நீண்ட ஓட்டமும் உங்களுக்குத் தேவை.

செவ்வாய்: 15 நிமிடம் உடலைச் சூடேற்றுங்கள். பிறகு 4 நிமிடக் கடும் ஓட்டம் நான்கு முறை, இடையிடையே 3 நிமிடம் லேசாக மிதிப்பது. இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் பேச்சு வரக்கூடாது, அந்த அளவு கடுமை. வியாழன்: 12 நிமிடம் மூன்று முறை, இடையில் 5 நிமிட ஓய்வு. எஃப்டிபியில் (ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய உச்ச சராசரி வாட்ஸ்) 88 முதல் 94 சதவீதம் வரை. எஃப்டிபி தெரியாவிட்டால் 20 நிமிடம் முழு மூச்சாக ஓட்டி, சராசரி வாட்ஸை 0.95-ஆல் பெருக்குங்கள். வாட்ஸை அளக்கும் பவர் மீட்டரே இல்லையென்றால், ஒரு மணி நேரம் விடாமல் தாங்கக்கூடிய வேகத்துக்கு ஒரு படி கீழே ஓட்டினால் சரியாக இருக்கும். சனிக்கிழமை காலை இரண்டரை மணி நேரம், முழு வாக்கியமாகப் பேசக்கூடிய வேகத்தில்.

இதோடு 25 நிமிட வலுப்பயிற்சி இரண்டு முறை: ஸ்ப்ளிட் ஸ்குவாட், டெட்லிஃப்ட், ரோயிங், புஷ்-அப், ஒவ்வொன்றும் எட்டு எட்டாக மூன்று செட். நீண்ட இறக்கங்களில் முதலில் தளர்வது கால் அல்ல, கையும் முதுகும். ஆகவே இதைத் தள்ளிவிடாதீர்கள். எல்லாம் கூட்டினால் சுமார் ஐந்து மணி நேரம் வரும். மீதியைத் தொடாமல் விடுங்கள். குழந்தைக்குக் காய்ச்சல் வரும் வாரத்தில் அது கைகொடுக்கும்.

ஒரு நாள் தவறிவிட்டால் அடுத்த நாளில் சேர்த்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். கடினமான இரண்டு நாட்கள் ஒட்டி வந்தால் இரண்டாவது நாள் அரைகுறையாகத்தான் முடியும், களைப்பு மட்டும் இரட்டிப்பாகும். வாரத்தில் ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் இடம் என்றால் செவ்வாய்ப் பயிற்சியைச் செய்யுங்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை அளவைப் பாதியாக்க வேண்டும். அந்த வாரத்தைப் பள்ளி விடுமுறையோடு பொருத்திவையுங்கள்.

கேள்வி: ‘இரண்டு மணி நேரம்தான்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்பும் என் கணவர் நான்கு மணி நேரம் கழித்து வருகிறார். ஓட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போய்விடுகிறதே, என்ன செய்வது?

பதில்: அவர் பொய் சொல்லவில்லை, பெடல் மிதிக்கும் நேரத்தை மட்டும் கணக்கில் வைக்கிறார். குளிர்காலத்தில் உடுத்துவதற்கே 20 நிமிடம் ஆகும். டிரெயில் (சைக்கிள் ஓட்டும் மண்பாதை) வரை போய்வர ஒரு மணி நேரம். சேறு கழுவி, செயினைத் துடைத்து எண்ணெய் விட அரை மணி. பிறகு குளியல். அதனால் கேட்க வேண்டிய கேள்வி ‘எவ்வளவு நேரம் ஓட்டுவீர்கள்?’ அல்ல, ‘குளித்து முடித்து எத்தனை மணிக்குக் கையில் வேலை வாங்கிக்கொள்வீர்கள்?’ என்பதுதான். அந்த மணி இருவருக்கும் பொதுவான ஒப்பந்தம். உடை, விளக்கு, காற்றழுத்தம், தண்ணீர் எல்லாம் முந்தின இரவே தயாராக இருக்கட்டும். விடிகாலையில் கிளம்பினால் பத்து மணிக்குள் வீட்டில் இருக்கலாம். அவருக்குக் கிடைக்கும் அதே அளவு நேரம், யாரும் குறுக்கிடாத நேரம், உங்களுக்கும் வாரத்தில் குறிக்கப்பட வேண்டும். இந்த ஒன்று இல்லாமல் எந்தப் பயிற்சி அட்டவணையும் பிப்ரவரியைத் தாண்டாது.

இன்னொரு வழியும் உண்டு. குடும்பமாக வெளியே போகும் நாளில் அவர் ஒன்றரை மணி நேரம் முன்னதாக சைக்கிளில் கிளம்பட்டும். நீங்கள் காரில் போய்ச் சேருங்கள். திரும்பும்போது எல்லோரும் ஒன்றாக வரலாம், பைக் காரில் ஏறிக்கொள்ளும்.

கேள்வி: மவுன்டன் பைக்கை டிரெய்னரில் (வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் சாதனம்) மாட்டினால் டயர் வழுக்குகிறது, சத்தமோ வீடே அதிர்கிறது. வெளியில் ஓட்டுவதைவிட இதயத்துடிப்பும் ஏறுகிறது.

பதில்: டயரில் உருளை உராயும் வகை டிரெய்னர் உங்களுடையது. முண்டு முண்டான டயருக்கு அது ஒத்துவராது. பிடிமானம் கிடைக்காது, ரப்பரும் தூளாக உதிரும். வழவழப்பான டயர் போட்ட இன்னொரு பின்சக்கரம் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். அல்லது பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு மாட்டும் டைரக்ட் டிரைவ் டிரெய்னருக்குப் போங்கள். வாங்குமுன் இரண்டைப் பாருங்கள். ஒன்று, உங்கள் பின்சக்கர அச்சான ஆக்ஸில் 12 x 148 மில்லிமீட்டர் பூஸ்ட் அளவென்றால் அதற்கான அடாப்டர் தேவை. மற்றது, கேசட் (பின் பல்சக்கரத் தொகுப்பு) எந்த வகை ஃப்ரீஹப்பில் (அது ஏறி உட்காரும் உருளை) ஏறும் என்பது. மைக்ரோ ஸ்ப்லைன், எக்ஸ்டி, ஹெச்ஜி மூன்றும் வெவ்வேறு. ஒன்றில் ஏறுவது இன்னொன்றில் ஏறாது. சக்கரத்தைக் கழற்றிய பிறகு பின் பிரேக் லீவரை அழுத்திவிடாதீர்கள். காலிப்பரின் பிஸ்டன்கள் வெளியே தள்ளிக்கொண்டு, பிரேக் தட்டான ரோட்டர் திரும்ப நுழைய இடமிருக்காது. இடையில் பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் செருகிவையுங்கள்.

இதயத்துடிப்பு ஏறுவதற்குக் காரணம் காற்றில்லாமைதான். வியர்வை ஆவியாகாமல் உடல் சூடாகிறது. குளிர்விக்க ரத்தம் தோலுக்குப் போக, அதே வேலைக்கு இதயம் கூடுதலாக அடிக்கிறது. மார்புக்கு நேராகப் பெரிய மின்விசிறி ஒன்று, ஜன்னல் கொஞ்சம் திறப்பு, மணிக்கு 500 முதல் 750 மில்லி தண்ணீர். முன்சக்கர ஃபோர்க்கை அமிழாதபடி லாக் செய்து, ஹேண்டில்பாரில் துண்டு விரியுங்கள். வியர்வை உப்பு ஹெட்செட்டையும் (ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்) ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் பாகம்) போல்ட்டையும் அரித்துவிடும். அடியில் தடித்த ரப்பர் பாய் போட்டால் அதிர்வு பெருமளவு அடங்கும். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் கதவைத் தாழிடுங்கள். சுழலும் செயினிலும் ஃப்ளைவீலிலும் விரல் போனால் விபரீதம்.

கேள்வி: எட்டு வயது மகள் என்னோடு டிரெயிலுக்கு வர ஆசைப்படுகிறாள். ஏற்றத்தில் தளர்ந்து அழுதுவிடுகிறாள்.

பதில்: இழுவைக் கயிறு வாங்குங்கள். நீண்டு சுருங்கும் வகைதான் வேண்டும், சாதாரணக் கயிறு வெடுக்கென்று இழுத்துக் கீழே தள்ளிவிடும். ஒரு முனை உங்கள் சீட் போஸ்டில், மறுமுனை அவளுடைய ஸ்டெம்மில். மெதுவாகக் கிளம்புங்கள். கயிறு தொய்ந்து சக்கரத்தில் சுற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்றம் முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். இறக்கத்தில் ஒருபோதும் கூடாது. அவள் ‘நில்’ என்றால் நீங்கள் உடனே நிற்பதாக முன்பே பேசிவையுங்கள். குழந்தையின் எடையையும் சேர்த்து ஏற்றத்தில் இழுப்பது உங்களுக்கு அருமையான வலுப்பயிற்சி. ஆனால் இதைப் பயிற்சிக் கணக்கில் எழுதாதீர்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டும் அப்பாவையோ அம்மாவையோ குழந்தை கண்டுகொள்ளும்.

தடித்த கையுறை போட்டால் சின்னக் கை பிரேக் லீவரை எட்டாது. லீவரில் இருக்கும் ரீச் ஸ்க்ரூவைத் திருப்பி அருகில் கொண்டுவாருங்கள். 0 டிகிரியில் 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால் தோலுக்கு அது மைனஸ் 6 டிகிரி போலத்தான்; இறக்கத்துக்கு முன் காற்றைத் தடுக்கும் மேலங்கி ஒன்றை மாட்டிவிடுங்கள். குளிர்கிறதா என்பதைக் கையைத் தொட்டுப் பார்க்காதீர்கள், பிடரியைத் தொட்டுப் பாருங்கள். டிரெய்லரிலோ குழந்தை இருக்கையிலோ உட்கார்ந்து வரும் தம்பி தங்கைக்கு உங்களைவிட ஒரு அடுக்கு அதிகம் வேண்டும்; மிதிக்காத உடலில் அவ்வளவு சூடு பிறப்பதில்லை. மொத்தம் 45 நிமிடம், கார் எப்போதும் அருகிலிருக்கும் சுற்றுப்பாதை. அவள் இன்னும் ஒரு சுற்று கேட்கும்போதே நிறுத்துங்கள்.

கேள்வி: வீட்டில் சரியாகக் காற்றடித்துக் கொண்டுபோனாலும் வெளியில் டயர் தொய்ந்திருக்கிறது. ஓட்டையா?

பதில்: பெரும்பாலும் இல்லை. 20 டிகிரி அறையில் 25 பிஎஸ்ஐ ஏற்றிய டயர் 0 டிகிரியில் 22 சொச்சம்தான் காட்டும். சைக்கிளை அரை மணி நேரம் வெளியே நிறுத்திவிட்டு அளந்து ஏற்றுங்கள். அப்படியும் இறங்கினால் சீலன்ட் (டயருக்குள் ஊற்றும் ஓட்டையடைப்புத் திரவம்) காய்ந்திருக்கலாம். 29 அங்குல டயருக்கு 90 முதல் 120 மில்லி வேண்டும். ஹீட்டர் அருகே நிறுத்தினால் இன்னும் விரைவில் காயும்.

ஃபோர்க்கிலும் இதே கதைதான். ஏர் ஸ்ப்ரிங்கில் அழுத்தம் குறையும், எண்ணெயும் கெட்டிப்படும். சாக் அளவை (நீங்கள் ஏறியதும் ஃபோர்க் அமிழும் அளவு) வெளியில் நின்று பாருங்கள். ரீபவுண்டை (அமிழ்ந்த ஃபோர்க் திரும்ப எழும் வேகம்) ஒன்றிரண்டு கிளிக் வேகமாக்குங்கள். கடுங்குளிரில் மினரல் ஆயில் பிரேக் லீவர் சோம்பலாகத் திரும்பும். அதற்காக வேறு வகை பிரேக்குக்கான டாட் திரவத்தை அதில் ஊற்றிவிடாதீர்கள். சீல்கள் ஊதிப்போய் பிரேக்கே பாழாகும்.

கேள்வி: இருட்டில் ஓட்ட ஹெல்மெட் விளக்கு ஒன்றே போதுமா?

பதில்: போதாது. கண்ணுக்கு அருகிலிருந்து வரும் ஒளி நிழலை மறைத்துவிடும், பள்ளமும் வேரும் தட்டையாகத் தெரியும். ஹேண்டில்பாரில் 1000 லூமனுக்கு மேல் அகலமாக விரியும் விளக்கு வேண்டும், ஹெல்மெட்டில் குவிந்து விழும் ஒன்று. பனிமூட்டத்தில் ஹெல்மெட் விளக்கை அணைத்துவிடுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யவும் கூடாது. எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் எழுதிவையுங்கள்.

கேள்வி: மழைக்குப் பிறகு டிரெயிலில் ஓட்டலாமா?

பதில்: டயர் தடம் பள்ளமாகப் பதிந்தால் திரும்பிவிடுங்கள். காலையில் இறுகி உறைந்த மண் தாங்கும். வெயில் ஏறி மேல்மண் இளகும் நேரம்தான் பாதைக்கு மிக மோசம். சிறு தேக்கத்தைச் சுற்றி ஓட்டாமல் நடுவிலேயே போங்கள், இல்லையேல் பாதை அகன்றுகொண்டே போகும்.

கேள்வி: லேசாகச் சளி. பயிற்சியை நிறுத்தவா?

பதில்: மூக்கடைப்பு மட்டும் என்றால் லேசாக ஓட்டலாம். காய்ச்சல், மார்புச் சளி, உடல்வலி இருந்தால் முழு ஓய்வு. காய்ச்சலோடு மூச்சுமுட்ட ஓட்டுவது இதயத் தசையில் அழற்சிக்கு வழிவகுக்கலாம்.

கேள்வி: டிரெய்னர் சலித்துவிட்டது. வீட்டு வாசலிலேயே செய்யக்கூடியது ஏதாவது?

பதில்: இருபது நிமிடம் போதும், குழந்தைகளையும் அழையுங்கள். இரண்டு தண்ணீர் பாட்டிலை ஐந்து மீட்டர் இடைவெளியில் வைத்து எட்டு போடுங்கள்; சுலபமானதும் மூன்று மீட்டராக நெருக்குங்கள். பிறகு மெதுவோட்டப் பந்தயம்: பத்து மீட்டர், கால் ஊன்றாமல் கடைசியாக வருபவர் வெற்றி. இதில் பெரியவர்கள் அடிக்கடி தோற்பார்கள். ஒரே இடத்தில் நிற்கும் டிராக் ஸ்டாண்டுக்கு லேசான ஏற்றம் பார்த்து நில்லுங்கள். பெடல் இரண்டும் கிடைமட்டமாக, எந்தக் கால் முன்னே இருக்கிறதோ அந்தப் பக்கம் சக்கரத்தைத் திருப்பி, முன்காலால் மெல்ல அழுத்திக்கொண்டே இருங்கள். பின்னால் நழுவினால் கொஞ்சம் கூடுதலாக அழுத்துங்கள், முன்னால் நகர்ந்தால் விட்டுக்கொடுங்கள். பார்வை சக்கரத்தில் இருந்தால் சாய்வீர்கள். மூன்று மீட்டர் தள்ளி ஒரு புள்ளியைப் பாருங்கள்.