விரல் நீட்டுங்கள், பிறகு பேசலாம்

கேள்வி: ரசனை ஆளுக்கு ஆள் வேறு. அப்புறம் விமர்சகர்கள் எதற்கு, நீங்கள் உட்பட?

பதில்: அந்த ‘நீங்கள் உட்பட’ நன்றாக இருக்கிறது. ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் 1757இல் வெளியிட்ட ரசனை பற்றிய கட்டுரையில், ‘டான் குயிக்சோட்’ நாவல் எழுதிய செர்வாண்டிஸிடமிருந்து ஒரு கதையை எடுத்தாள்கிறார். ஒரு பீப்பாய் மதுவைச் சுவைத்துச் சொல்ல இருவரை அழைக்கிறார்கள். நல்ல மதுதான், லேசாகத் தோல் வாடை அடிக்கிறது என்கிறார் ஒருவர். நல்ல மதுதான், இரும்பு வாடை என்கிறார் மற்றவர். எல்லோரும் சிரிக்கிறார்கள். பீப்பாய் காலியானதும் அடியில் தோல் வார் கட்டிய பழைய சாவி கிடக்கிறது. எல்லா நாக்கும் ஒன்றல்ல என்பது ஹியூமின் கட்சி.

கதை அருமை. ஆனால் ஓவியத்தைக் காலி செய்து அடியில் என்ன கிடக்கிறது என்று பார்க்க முடியாதே! விமர்சகரால் முடிந்தது, ‘இந்தக் கோட்டைப் பாருங்கள், இந்த நிழலைப் பாருங்கள்’ என்று விரல் நீட்டுவது மட்டும். நீங்கள் திரும்பப் பார்த்து அது அங்கே இருந்தால் நான் வாங்கும் சம்பளம் செரிக்கும். இல்லையென்றால் என் ரசனை என் வீட்டோடு இருக்கட்டும்.

கேள்வி: ஓவியர் என்ன நினைத்து வரைந்தாரோ அதுதானே பொருள்? மற்றவர்கள் ஏன் கதை கட்ட வேண்டும்?

பதில்: ஓவியரும் ஒரு சாட்சி. முக்கியமான சாட்சி. தீர்ப்பு எழுதும் வேலையையும் அவரிடமே கொடுப்பானேன்? கதை கட்டுவது பற்றி நீங்கள் சொல்வதற்கு மட்டும் ஒரு பெரிய உதாரணம் தருகிறேன்.

வான்கோ 1886இல் பாரிஸில் வரைந்த காலணிகள். தேய்ந்த தோல், அவிழ்ந்து கிடக்கும் கயிறு, மடிந்து சரிந்த மேல்பகுதி, உள்ளே இருட்டு. சுற்றிலும் இன்ன இடம் என்று சொல்ல எதுவும் இல்லை. ஜெர்மன் தத்துவவாதி மார்ட்டின் ஹைடெகர் இதை ஓர் உழவர் வீட்டுப் பெண்ணின் காலணி என்று எடுத்துக்கொண்டார். ஈர மண், அந்தி நேரத்து வயல்வழி, அவளது பிள்ளைப்பேற்று அச்சம் வரை போனார். இத்தனைக்கும் காலணியில் வயல் மண் கூட ஒட்டியிருக்கவில்லை என்று எழுதியவரும் அவரே! 1968இல் கலை வரலாற்றாசிரியர் மேயர் ஷாபிரோ குறுக்கே வந்தார்: அது வான்கோவின் சொந்தக் காலணி, அப்போது அவர் நகரவாசி. பத்து ஆண்டு கழித்து பிரெஞ்சுத் தத்துவவாதி தெரிதா, இவை முதலில் ஒரு ஜோடிதான் என்று யார் சொன்னது என்று கேட்டு இருவரையும் மடக்கினார்.

எனக்கு ஷாபிரோ சொல்வது சரியென்று படுகிறது. ஆனாலும் ஹைடெகரை முழுதாகத் தள்ள மாட்டேன். காலணியின் இருண்ட வாயில் நடந்து களைத்த நடை தெரிகிறது என்கிறாரே, அதைப் படத்தில் காட்ட முடியும். அந்தப் பெண்ணைக் காட்ட முடியாது. முதலாவது வாசிப்பு, இரண்டாவது வரவழைப்பு.

கேள்வி: போலி ஓவியம் அசலைப் போலவே அழகாக இருந்தால் என்ன குறைந்துவிட்டது?

பதில்: ‘அசலைப் போலவே’ என்கிறீர்களே, எந்த ஆண்டுக் கண்ணுக்கு? போலி ஓவியர் ஹான் வான் மேகரன் வரைந்த ஒரு படத்தை, பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரின் தலைசிறந்த படைப்பு என்று 1937இல் கொண்டாடியவர் ஆபிரகாம் பிரேடியஸ். டச்சு ஓவியத்தில் கரைகண்டவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின், நாஜித் தலைவர் கோரிங்கிடம் ஒரு ‘வெர்மீர்’ போய்ச் சேர்ந்த வழக்கில் பிடிபட்ட மேகரன், அதை வரைந்ததே நான்தான் என்றார். நம்பாதவர்களுக்காகக் காவலில் இருந்தபடியே இன்னொன்றும் வரைந்து காட்டினார். இன்று அந்த முகங்களைப் பாருங்கள். கனத்த இமைகள், உப்பிய சாயல், எல்லாம் 1930களின் முகங்கள். அமெரிக்கத் தத்துவவாதி நெல்சன் குட்மேன் சொன்ன காரணம் எனக்குத் திருப்தி தருகிறது: போலிகள் வெர்மீர் கணக்கில் இருந்தவரை கண் அவற்றையும் சேர்த்தே வெர்மீரைக் கற்றது. கணக்கைத் திருத்தியதும் கண்ணும் திருந்தியது. குறைந்தது இதுதான்: போலி, நம் பார்வையையே கெடுத்துவைக்கிறது.

கேள்வி: எதற்கும் விரல் நீட்டிக் காட்டு என்பவர் நீங்கள். பிரெஞ்சுக் கலைஞர் டூஷாம்ப் கலைப்படைப்பு என்று அனுப்பிவைத்த சிறுநீர்க் கலத்தில் எதைக் காட்டுவீர்கள்?

பதில்: பீங்கானை அல்ல. 1917இல் நியூயார்க்கில் ஒரு சங்கம், கட்டணம் செலுத்தியவர் எவர் படைப்பானாலும் தேர்வுக்குழு இல்லாமல் வைப்போம் என்று அறிவித்தது. கலம் வந்ததும் வாக்கு மறந்துபோயிற்று, பார்வைக்கு வைக்கவில்லை. கையெழுத்து, சாய்த்து வைத்த விதம், சங்கத்தின் சங்கடம், மூன்றையும் காட்டுவேன். அசல் தொலைந்துவிட்டது, இன்று அருங்காட்சியகங்களில் இருப்பவற்றில் பல 1964இல் டூஷாம்பின் சம்மதத்தோடு செய்த படிகள். மேகரன் மேல் எனக்குள்ள கோபம் இங்கே செல்லாது. படியே போதும். நல்ல விவரிப்பு கிடைத்தால் அதுவும் வேண்டாம்.