மண் தரையில் மணல் தெள்ளு: கேள்விகளும் பதில்களும்

கென்யாவின் கடலோரக் கிராமங்களிலும் பிறகு உகாண்டாவிலும் பல ஆண்டுகள் செவிலியராக வேலை செய்தவள் நான். மனிதரின் காலுக்குள் புகுந்து குடியேறும் மணல் தெள்ளைப் பற்றி, அந்தப் பக்கம் வேலைக்கும் தொண்டுக்கும் போயிருக்கும் நம்மவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலுக்கு மட்டும் வைத்தியம் செய்கிறவர்கள் அடுத்த மாதமும் அதே காலுக்கு வைத்தியம் செய்துகொண்டிருப்பார்கள். பூச்சி பிறப்பது தரையில்.

கேள்வி: அம்மா, இது நாய் மேல் ஊரும் அதே தெள்ளுப்பூச்சிதானா? ஆப்பிரிக்காவுக்கே உரியதா?

தெள்ளு இனம்தான், ஆனால் பழக்கம் வேறு. நாய்த் தெள்ளு கடித்து இரத்தம் குடித்துவிட்டுத் தாவிவிடும். மணல் தெள்ளில் பெண் பூச்சி தோலுக்குள் தலையை நுழைத்து அங்கேயே தங்கிவிடும், சாகும்வரை. பிறந்தகம் ஆப்பிரிக்கா இல்லை. தென் அமெரிக்காவும் கரீபியன் தீவுகளும். பிரேசிலிலிருந்து மணலைப் பாரமாக ஏற்றி வந்த ஒரு கப்பல் மூலம் 1872-இல் அங்கோலாவின் அம்பிரிஸ் துறைமுகத்தில் இறங்கியது. சில பத்தாண்டுகளிலேயே கண்டத்தின் கிழக்குக் கரைக்கும் மடகாஸ்கருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. சுவாஹிலியில் ‘ஃபுன்சா’ என்பார்கள், ஸ்பானிய மொழியில் ‘நிகுவா’.

கேள்வி: உகாண்டாவில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். பிள்ளைகளின் காலில் எதைப் பார்த்து இதுதான் என்று முடிவு செய்வது?

பிள்ளையை வெளிச்சத்தில் உட்காரவைத்து, காலைக் கழுவித் துடைத்துவிட்டுப் பாருங்கள். கால்விரல் நகத்தின் ஓரம், விரல் இடுக்கு, குதிகாலின் விளிம்பு இவைதான் அதற்குப் பிடித்த இடங்கள். முதல் ஓரிரு நாளில் ஒரு சிவந்த புள்ளியும் நமைச்சலும்தான் இருக்கும். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத பூச்சி, ஒரு வாரத்துக்குள் பட்டாணி அளவுக்கு ஊதிவிடும். அப்போது வெள்ளை வட்டமும் நடுவில் கறுப்புப் புள்ளியும் தெளிவாகத் தெரியும். அந்தப் புள்ளி பூச்சியின் பின்பகுதி. மூச்சு விடுவது, கழிவை வெளியேற்றுவது, முட்டையிடுவது எல்லாம் அந்தத் துளை வழியாகத்தான். சற்றுப் பொறுமையாக உற்றுப் பார்த்தால், சுற்றியுள்ள தோலில் வெள்ளைத் துகள்கள் ஒட்டியிருப்பதைக் காணலாம். அவை முட்டைகள்.

கேள்வி: ஊசியால் நோண்டி எடுத்துவிடுகிறார்கள். தவறா?

அங்குள்ள தாய்மார்கள் இதைத்தான் செய்கிறார்கள், வேறு வழி தெரியாமல். அவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம். ஆனால் ஊசி பட்டுப் பூச்சி உடைந்தால் அதன் துண்டுகள் தோலுக்குள் தங்கிச் சீழ் பிடிக்கும். ஒரே ஊசி ஐந்து பிள்ளைகளின் காலில் இறங்கினால் மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் கைமாறும். திறந்த புண்ணோடு மண்ணில் நடக்கிற பிள்ளைக்கு டெட்டனஸ் வரலாம். தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று அவசியம் கேளுங்கள். ஓரிரு பூச்சி மட்டும் இருந்தால், சுகாதார நிலையத்தில் கிருமி நீக்கிய கருவியால் முழுதாக எடுத்து மருந்திடலாம். முப்பது நாற்பது இருக்கிற காலில் அதைச் செய்வது சித்திரவதை.

கேள்வி: அப்படியானால் மருந்து என்ன?

டைமெதிகோன் என்ற மெல்லிய சிலிகோன் எண்ணெய். பேனுக்கும் இதைப் பயன்படுத்துகிறார்கள். கறுப்புப் புள்ளியின்மேல் ஒரு சொட்டு, பத்து நிமிடத்துக்குள் இன்னும் இரண்டு முறை. எண்ணெய் துளைக்குள் இறங்கி மூச்சை அடைத்துவிடும். செத்த பூச்சியைத் தோண்ட வேண்டியதில்லை, காய்ந்து தோலோடு தானே உதிரும். கென்யாவில் குழந்தைகளிடம் செய்த ஒப்பீட்டு ஆய்வில், ஏழு நாளில் 78 சதவீதப் பூச்சிகள் இந்த எண்ணெயில் செயலிழந்தன. பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலில் கால்களை ஊறவைத்த முறையில் 39 சதவீதம்தான். பெர்மாங்கனேட்தான் கிடைக்கிறது என்றால் 0.05 சதவீதக் கரைசலாக அளந்து கரையுங்கள். கரையாத படிகம் தோலில் பட்டால் சுட்டுவிடும்.

மண்ணெண்ணெய், பூச்சிமருந்து, பேட்டரி அமிலம் இவற்றைக் காலில் ஊற்றிய கொடுமையையும் பார்த்திருக்கிறேன். எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் குழு ஒரு குடும்பத்தின் கால்கள் அனைத்துக்கும் மருந்திட்டது. நான்காம் வாரம் மறுபடியும் வந்துவிட்டது. எங்கே தவறு செய்தோம்?

மருந்தில் தவறில்லை. பாயைத் தூக்கிப் பாருங்கள், அதன் அடியில்தான் விடை இருக்கிறது.

தோலுக்குள் இருக்கும் தெள்ளு இரண்டு மூன்று வாரங்களுக்கு முட்டைகளை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அவை விழுவது கால்கள் அதிக நேரம் கிடக்கும் இடத்தில். இரவு முழுவதும் கால்கள் எங்கே கிடக்கின்றன? ஒன்று முதல் ஆறு நாளில் முட்டை பொரிந்து புழு வெளியே வரும். உலர்ந்த, நிழலான, தளர்ந்த மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் ஆழத்தில், தோல் செதிலையும் உணவுத் துணுக்கையும் போன்ற கழிவைத் தின்று வளரும். பிறகு மணல் துகள்களை உடம்பில் ஒட்டிக்கொண்டு கூடு கட்டும். பார்த்தால் சிறு மண் உருண்டை என்றே நினைப்பீர்கள். முட்டையிலிருந்து பூச்சியாக மூன்று நான்கு வாரம். உங்கள் நான்காம் வாரக் கணக்கு அப்படியே பொருந்துகிறது.

நான் ஒரு வீட்டுக்குள் போனால் முதலில் கால்மாட்டுப் பக்கம் உட்கார்ந்து தரையில் விரலை இழுத்துப் பார்ப்பேன். விரல் நுனி புதைகிற அளவுக்குப் புழுதி இருந்தால் வேலை அங்கிருந்துதான் தொடங்கும். பாய், துணி, பெட்டி எல்லாவற்றையும் வெளியே வெயிலில் போடச் சொல்லுங்கள். தரையில் தண்ணீர் தெளித்த பிறகே பெருக்குங்கள். உலர்ந்த தரையைப் பெருக்கினால் புழுதி மூலைக்கு மூலை இடம் மாறுமே தவிர வெளியேறாது. தளர்ந்த மண்ணைச் சுரண்டி அள்ளி, குப்பையோடு எரித்துவிடுங்கள். வாசலில் கொட்டினால் காலோடு திரும்பி வரும். பிறகு தரையை நனைத்துத் திமிசுக்கட்டையால் இறுகத் தட்டுங்கள். இதை ஒரு நாள் திருவிழாவாகச் செய்துவிட்டு விட்டுவிட்டால் பயனில்லை. நாள்தோறும் தெளித்துப் பெருக்குவதை இரண்டு மூன்று மாதமாவது, அதாவது பூச்சியின் இரண்டு தலைமுறை கடக்கும்வரை, விடாமல் செய்ய வேண்டும். அதே நாட்களில் அந்த வீட்டில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருடைய காலுக்கும் மருந்து.

கட்டிலில் படுக்கிறவர்களுக்கு ஒரு சொல். முட்டை கட்டிலுக்கு அடியில்தான் விழும். யாரும் பெருக்காத இடமும் அதுதான்.

கேள்வி: சாணமும் மண்ணும் குழைத்து மெழுகினால் போதாதா? சிமெண்டுக்கு அவர்களிடம் பணமில்லை.

மெழுகிய தரை புழுதியைப் பிடித்துவைக்கும், அந்த அளவில் நல்லது. ஆனால் காய்ந்து வெடித்துப் பொருக்கு உதிரத் தொடங்கினால் அந்த வெடிப்பே புழுவுக்கு வீடாகிவிடும். வெடிப்பு கண்ட உடனே மறுபடி மெழுகுகிறவர்களுக்கு மட்டும் இது உதவும்.

பணம் குறைவு என்றால் முழுச் சிமெண்டுத் தளம் போட வேண்டியதில்லை. மணற்பாங்கான மண் பத்துப் பன்னிரண்டு பங்குக்கு ஒரு பங்கு சிமெண்டு கலந்து, ஈரமாக்கி இறுக்கித் தட்டி, ஒரு வாரம் காயவிடாமல் நனைத்துவந்தால் தூசி எழாத தரை கிடைக்கும். வெறும் களிமண் வேண்டாம், வெடிக்கும். ருவாண்டாவில் சரளையை அடியில் இறுக்கி, மேலே மணலும் களிமண்ணும் கலந்து பூசி, ஆளிவிதை எண்ணெயால் மூடித் தரை போடுகிறார்கள். எண்ணெய் காய்ந்து தோல் போல இறுகிவிடும். அதைத் துடைக்கலாம், கழுவலாம். வீடு முழுவதும் முடியாவிட்டால் படுக்கும் அறையை மட்டுமாவது முதலில் செய்யுங்கள். பிளாஸ்டிக் விரிப்பு தற்காலிகத்துக்குச் சரி, ஆனால் வாரம் ஒருமுறை தூக்கி அடியில் பெருக்கவில்லை என்றால் நாமே பூச்சிக்குக் கூரை போட்டுக் கொடுத்ததாகிவிடும்.

கேள்வி: பூச்சிமருந்து தெளித்தால் ஒரே நாளில் முடிந்துவிடுமே?

முடியாது. மேலே தெளித்த மருந்து மண்ணுக்குள் கூட்டில் இருப்பதை எட்டாது. தெளிப்பதாக இருந்தால் சுகாதாரத் துறையினர் வீட்டுக்குள் பயன்படுத்த அனுமதித்ததை மட்டும், புழுதியை அகற்றிய பிறகு, அவர்கள் சொல்லும் இடைவெளியில் தெளியுங்கள். வயலுக்கு வாங்கிய மருந்தைக் குழந்தைகள் தவழும் தரையில் தெளிப்பது நோயைவிடப் பெரிய கேடு.

கேள்வி: ஐந்தாறு பன்றிகளும் ஒரு நாயும் வீட்டைச் சுற்றியே இருக்கின்றன. அவற்றுக்கும் வருமா?

வரும். பன்றி, நாய், பூனை, ஆடு, எலி எல்லாவற்றிலும் வளரும். நாயின் பாதத் திண்டுகளுக்கு இடையிலும் பன்றியின் குளம்பு ஓரத்திலும் பாருங்கள். படுக்கும் அறைக்குள் எதையும் விடாதீர்கள். பன்றிக்குத் தனிப்பட்டி கட்டி, கால்நடை மருத்துவரிடம் மருந்து கேளுங்கள். நாய்க்குக் கொடுக்கும் பெர்மெத்ரின் கலந்த மருந்தைப் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள், பூனை செத்துப்போகும்.

கேள்வி: நூறு ஜோடி செருப்பு வாங்கிக் கொடுக்கலாம் என்றிருக்கிறோம்.

கொடுங்கள், பாராட்டுகிறேன். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நுழைகிற இடம் எது? பூச்சி இருக்கிற அதே தரை. மடகாஸ்கரில் நடந்த ஆய்வில், காலணி பெற்றவர்களைவிட, தேங்காய் எண்ணெய் அடங்கிய விரட்டியை நாளுக்கு இருமுறை காலில் பூசியவர்களுக்கே கூடுதல் பாதுகாப்புக் கிடைத்தது.

கேள்வி: என் வகுப்பில் ஒரு சிறுமியை மற்றவர்கள் கேலி செய்கிறார்கள். அவள் வருவதையே நிறுத்திவிட்டாள்.

இதைப் படித்ததும் மனம் கனத்துவிட்டது. அழுக்கானவர்கள், சோம்பேறிகள் என்ற பேச்சை நானும் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சுக்குப் பயந்தே காலை மறைக்கிறார்கள். மறைத்த கால் புழுத்து, நகம் கழன்று, நடக்க முடியாமல் போகிறது. வறண்ட மாதங்களில் மண் தரையில் வாழும் யாருக்கும் இது வரும். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களில் சேர்த்த பிரிவில் இதுவும் அடங்குகிறது, அது நடத்தையின் குற்றமில்லை. நீங்கள் அவள் வீட்டுக்குப் போங்கள், தனியாக. அவள் காலை உங்கள் மடியில் எடுத்துவைத்து மருந்திடுங்கள். பிறகு வகுப்பில் எல்லோர் காலையும் வரிசையாகப் பாருங்கள், முதலில் உங்களுடையதை.

கேள்வி: தரை சரியாகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வீட்டிலேயே சின்னப் பிள்ளையின் கால்தான் அளவுகோல். வாரம் ஒரு நாள், அதே நாளில், புதிதாகச் சிவந்த புள்ளிகளை மட்டும் எண்ணிச் சுவரில் கரியால் கோடு போட்டு வையுங்கள். பழைய கறுத்த வடுக்களை எண்ண வேண்டாம். மழைக்காலத்தில் தானாகவே குறையும், அதை நம்பித் துடைப்பத்தை ஓரம் வைத்துவிடாதீர்கள். கோடை நடுவில் தொடர்ந்து ஆறு வாரம் கோடு விழாமல் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.