ஊருக்கே போய்விடலாமா?

கேள்வி: கணவரும் நானும் ஐடி. 2020 மார்ச் ஊரடங்கில் ஆரம்பித்த ‘வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை’ இன்னும் ஓடுகிறது. இங்கே சென்னையில் வாடகை மட்டும் 22 ஆயிரம். தென்காசி பக்கம் மாமனார் வீட்டு மாடி சும்மா கிடக்கிறது. ‘ஸ்ரீதர் வேம்புவே 2019-ல் தென்காசி பக்கத்து மத்தளம்பாறைக்கு வந்துவிட்டார், நமக்கென்ன’ என்கிறார் கணவர். போகலாமா?
- வாசகி, பெரும்பாக்கம்

பதில்: போகலாம், ஆனால் வேம்புவைக் காட்டிப் போகாதீர்கள். ஜோஹோ என்ற சாஃப்ட்வேர் கம்பெனியைத் தொடங்கியவர் அவர், ‘திங்கட்கிழமை முதல் ஆபீசுக்கு வரவும்’ என்று அவருக்கு யார் மெயில் போடுவது? உங்களுக்கு வரும். வீட்டிலிருந்தே வேலை என்பதைக் கம்பெனி எழுதித் தந்திருக்கிறதா, இல்லை மேனேஜரின் வாய்வார்த்தைதானா? வாய்வார்த்தை என்றால் சென்னை வீட்டை இப்போதே காலி செய்ய வேண்டாம்.

அப்புறம் நெட். ஸ்பீடு எவ்வளவு என்றுதான் எல்லோரும் விசாரிக்கிறார்கள். கேபிள்காரரிடம் கேட்கவேண்டியது, ‘கரண்ட் போனால் உங்கள் பக்கம் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்?’ என்பதுதான். உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் ஓடும், மோடத்தில் விளக்குகூட எரியும், ஆனால் அவருடைய பெட்டிக்குக் கரண்ட் இல்லையென்றால் மீட்டிங்கில் உங்கள் முகம் அப்படியே உறைந்து நிற்கும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தினால் மதியம் 2 மணி ஆகும், சில நாள் சாயங்காலமே ஆகிவிடும். அதையாவது முதல் நாளே பேப்பரில் போட்டுவிடுவார்கள், லீவு சொல்லலாம். ஆனி, ஆடிக் காற்றுக்கு அறிவிப்பெல்லாம் கிடையாது, கம்பி மேல் ஒரு தென்னை மட்டை விழுந்தால் போதும். அதனால் பொங்கலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள், சாரல் நேரத்தில் ஒரு மாதம் இருந்து வேலை செய்து பாருங்கள். கையில் வேறு கம்பெனி சிம் ஒன்றும் இருக்கட்டும்.

இன்னொன்று. கணவர் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள், மாமனார் வீட்டு மாடி என்றும் எழுதியிருக்கிறீர்கள், உங்களுக்குப் போக ஆசையா என்று ஒரு வரிகூட இல்லையே! அடுப்பு மாடியிலா கீழேயா என்பதைப் பெட்டி கட்டுவதற்கு முன்னாலேயே பேசிவிடுங்கள்.

கேள்வி: ஊருக்கு வந்து வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்க ஆரம்பித்து ஆறு மாதம். ‘வீட்டில் சும்மாதானே இருக்கிறான்’ என்று ரேஷன் கடை முதல் காதுகுத்து வரை என்னைத்தான் அனுப்புகிறார்கள்.
- வாசகர், அறந்தாங்கி

பதில்: கைலியை மாற்றுங்கள். காலையில் குளித்து, பேன்ட் சட்டை போட்டு, ‘ஆபீசுக்குப் போய்ட்டு வர்றேன்மா’ என்று சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காதுகுத்துக்கு மட்டும் போய்விடுங்கள், நாளைக்கு உங்கள் வீட்டு விசேஷத்துக்கு ஆள் வேண்டும்.

கேள்வி: அப்பா வீட்டில் இருந்துகொண்டே அவருக்கு வாடகை கொடுத்து எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப்படி) வரிச்சலுகை காட்டலாமா?
- வாசகர், பவானி

பதில்: பழைய வரி முறையில் இருந்தால் காட்டலாம், புதிய முறையில் அந்தச் சலுகையே இல்லை. வீடு அப்பா பெயரில் இருக்கவேண்டும், பணம் உண்மையிலேயே அவர் கணக்குக்குப் போகவேண்டும், அவரும் அதை வருமானமாகக் காட்டவேண்டும். வருட வாடகை 1 லட்சத்தைத் தாண்டினால் அவருடைய பான் எண்ணையும் ஆபீசில் கேட்பார்கள். சென்னையில் அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம் வரை என்றிருக்கும் சலுகை உச்சவரம்பு பவானிக்கு 40 தான், சென்னைக் கணக்கைப் போட்டுவிடாதீர்கள்.