சிகரெட்டை விட்டு ஏழு வருடம் ஆகியும் ஏன் இன்னும் ஆசை வருகிறது?

ஏழு வருடமாகத் தொடவில்லை, ஆனாலும் திடீரென்று ஒரு நாள் ஒன்று பற்ற வைக்கலாம் போலிருக்கிறது, இது எப்போதுதான் போகும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் விட்டுப் பத்து வருடம் தாண்டிவிட்டது. எனக்குப் போன மாதம்கூட வந்தது.

முதலில் ஒன்று. உங்கள் உடம்பில் பழைய நிக்கோட்டின் எதுவும் மிச்சமில்லை. அது சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் பாதியாகக் குறையும், இரண்டு மூன்று நாளில் ஏறக்குறைய காலி. எரிச்சல், தூக்கம் கெடுவது எல்லாம் முதல் வாரத்தில் ஆட்டி வைத்துவிட்டு, மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்கப்புறம் வருவது வேறு சமாச்சாரம்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருந்தேன். துணி மலை மாதிரி குவிந்திருக்கும் இடம், உள்ளே தீக்குச்சி உரசினால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். அதனால் டீ நேரம் வந்தால் எதிர்ப் பெட்டிக்கடைக்கு ஓடுவோம். அங்கே தூணில் கங்கு பிடித்த தேங்காய் நார்க் கயிறு தொங்கும். இடது கையில் டீ கிளாஸ், வலது கையால் கயிற்று நுனியைப் பிடித்து, ஊதிச் சிவக்க வைத்து, குனிந்து பற்ற வைக்க வேண்டும். ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாளில் எண்ணிக்கை ஏறும். சராசரியாக எட்டு என்று வைத்தாலும் பன்னிரண்டு வருடத்தில் 35,000 தடவை! ஒவ்வொரு தடவையும் இழுத்த சில நொடியில் மூளைக்கு ஒரு பரிசு. மணி அடித்துச் சோறு போட்டுப் பழக்கியதில், மணிச் சத்தத்துக்கே எச்சில் ஊறியதாம் பாவ்லோ என்ற விஞ்ஞானியின் நாய்க்கு. அதற்கு மணி, எனக்கு நார் கருகும் வாசம்.

இதில் நான் தாமதமாகப் புரிந்துகொண்டது ஒன்று உண்டு. தினமும் எதிர்ப்படும் தூண்டுதல்தான் சீக்கிரம் செத்துப்போகும். சிகரெட்டை விட்ட பிறகும் அதே கடையில் தினமும் டீ குடித்தேன். பரிசு கிடைக்காமல் நூறு தடவை ஏமாந்தபின் மூளை அந்தக் கணக்கை மூடிவிட்டது, ஆறு மாதத்தில் டீக்கும் சிகரெட்டுக்கும் இருந்த உறவு அறுந்தது. ஆனால் எப்போதாவது வரும் சந்தர்ப்பங்கள் இருக்கின்றனவே, சாவு வீடு, கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடப்பது, அவற்றில் மூளை இன்னும் ஏமாந்து பார்க்கவே இல்லை. ஏழு வருடம் கழித்து உங்களுக்கு வந்ததும் அப்படி ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும். அன்றைக்கு எங்கே நின்றீர்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அதில்தான் நான் ஒருமுறை விழுந்தேன். முதல் தடவை விட்டு பதினான்கு மாதம். பெரியப்பா தவறிவிட்டார். மின் மயானத்து வாசலில் மச்சான் ஒருவர் பாக்கெட்டை நீட்டி, "ஒன்னே ஒன்னு மாப்ள, மனசு லேசாகும்" என்றார். வாங்கினேன். தலை கிறுகிறுத்தது, ருசியாகக்கூட இல்லை. அதுதான் ஏமாற்றியது: இவ்வளவு கேவலமாக இருக்கிறதே, இனி நம்மை என்ன செய்யும் என்று நினைத்துவிட்டேன். மறுநாள் சில்லறையில் ஒன்று வாங்கினேன், வாரக் கடைசியில் முழு பாக்கெட். மறுபடி விட எட்டு மாதம் ஆயிற்று. ஆகவே ஆசை வருவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் போய்விடும், அந்த இடத்தை விட்டு நகர்ந்தால் இன்னும் சீக்கிரம். கவலைப்பட வேண்டியது அந்த "ஒன்னே ஒன்னு"க்கு மட்டும்தான். தப்பித் தவறி விழுந்துவிட்டால் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறார்களே, புகையை விட உதவும் எண், 1800-11-2356, அதற்கு அன்றைக்கே கூப்பிடுங்கள். இலவச எண்தான். நான் யாரிடமும் உதவி கேட்க வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்டதில்தான் எட்டு மாதம் போயிற்று.

போன மாதக் கதை இதுதான். இப்போதெல்லாம் கயிற்றுக்குப் பதில் லைட்டரைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். தாராபுரம் போகும் வழியில் ஒரு கடையில் பழைய கயிற்றையே பார்த்தேன், நுனியில் கங்கோடு. எத்தனை வருடம் கழித்து! கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது, பையில் இருந்தது கண்ணாடிக் கூடு.

கனவும் வரும், சொல்லிவிடுகிறேன். அதில் மறந்துபோய்ப் பற்ற வைத்துவிட்டு, ஐயோ கெடுத்துக்கொண்டோமே என்று பதறுவோம். 1991-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு வருடம் புகைக்காமல் இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் இப்படிக் கனவு கண்டதாகச் சொன்னார்கள். அந்தக் கனவு வந்தவர்கள் திரும்பப் பிடிக்காமல் நிலைத்திருந்ததும் கூடுதல் என்கிறது அதே ஆய்வு. தாராபுரம் போய் வந்த அன்றிரவு எனக்கும் வந்தது. பதறி எழுந்து விரலை மோந்து பார்த்தேன். பூண்டுக் குழம்பு வாசம்.