அமெரிக்கக் கால்பந்தில் பணக்கார அணி எல்லா நட்சத்திரங்களையும் ஏன் வாங்கிக் குவிப்பதில்லை?

குவிக்க முடியாது என்பதே பதில். அந்த ஆட்டத்தின் தொழில்முறைப் போட்டியான என்.எஃப்.எல்.-இன் 32 அணிகளுக்கும், வீரர்களுக்குத் தரும் மொத்த ஊதியத்தின் உச்சவரம்பு ஒன்றுதான். ஆகவே கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்தான் அடித்தளம். மொத்தம் 7 சுற்றுகள். முந்தைய பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. அந்த வாய்ப்பை வேறு அணியுடன் பண்டமாற்றும் செய்துகொள்ளலாம்.

தேர்வானவருடன் நான்கு ஆண்டு ஒப்பந்தம், அனுபவசாலிகளைவிடக் குறைந்த ஊதியத்தில். அந்த ஆண்டுகளுக்குள் அவர் தேறிவிட்டால், மிச்சமாகும் பணத்தில் மற்ற இடங்களை வலுப்படுத்தலாம்.

ஆனால் தேர்வு பாதி வேலைதான். காத்திருக்கவும் தெரிய வேண்டும். இதில் கிரீன் பே பேக்கர்ஸ் அணியை நான் மனதார மதிக்கிறேன். பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் இடத்தில் பிரெட் ஃபார்வ் ஆடிக்கொண்டிருந்தபோதே, 2005இல் ஆரன் ராட்ஜர்ஸை 24ஆவது தேர்வாக எடுத்தார்கள். அந்த இடத்துக்கு ராட்ஜர்ஸ் மூன்று பருவங்கள் காத்திருந்தார். 2008இல் பொறுப்பேற்று, 2010 பருவத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை வென்று தந்தார். பிறகு அதே பாதையில் ஜோர்டன் லவ்: 2020இல் 26ஆவது தேர்வு, 2023இல் முதன்மை ஆட்டக்காரர்.

கணிப்பு தவறுவதும் உண்டு. 2000ஆம் ஆண்டில் டாம் பிரேடி என்ற குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் 198 பேர் தேர்வாகிவிட்டார்கள். அவரோ ஏழு சூப்பர் பௌல்களை வென்றார்.